விமானக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு!



நம்ம ஊர்ப் பக்கத்தில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். அவர்களைப் பற்றிப் பேசும்போது, "துபாய்தானே, நாலு மணி நேரத்துல வந்துரலாம்லா" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இது சரியான கணக்கு இல்லை என்பது என் கருத்து.

திருவனந்தபுரத்துக்கும் துபாய்க்கும் வான்வழி தூரம் சுமார் 2,950 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 800 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் மூணே முக்கால் மணிக்குள்தான் விடை வரும். ஆனால் ஓடுபாதைக்கு மெதுவாகப் போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து சுமார் 4 மணி நேரம் ஆகிவிடும்.

டிக்கெட்டைப் பார்த்தால் இன்னும் குழப்பம். காலை 10 மணிக்குத் திருவனந்தபுரத்தில் கிளம்பும் விமானம் 4 மணி நேரம் பறந்தாலும் துபாயில் பகல் 12.30 என்றுதான் போட்டிருக்கும். அப்போ ரெண்டரை மணி நேரம்தானா? இல்லை! நம் நாட்டு நேரம் 82½ பாகை கிழக்கு தீர்க்கக்கோட்டையும், துபாய் நேரம் 60 பாகை கிழக்கு தீர்க்கக்கோட்டையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. வித்தியாசம் 22½ பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 90 நிமிடம். போகும்போது குறைந்த அந்த ஒன்றரை மணி நேரம் வரும்போது கூடிவிடும்.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். நம்ம ஊரிலிருந்து தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை வழியாகத் திருவனந்தபுரம் போக நூறு கிலோமீட்டருக்கு மேல். மலைப்பாதை வேற. காரில் போனாலே மூணரை மணி நேரம் வைக்கணும். வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னாடியே போகணும். விமானத்தில் 4. அங்கே இறங்கி பெட்டியை எடுத்து வெளியே வர 1. மொத்தம் 11½ மணி நேரம். அதில் 7½ மணி நேரம் தரையில்தான்!

போன வருஷம் எங்க ஆச்சி இறந்தப்போ சித்தப்பாவுக்குக் காலையில் போன் பண்ணினோம். லீவு கேட்டு, டிக்கெட் எடுத்து, வீடு வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆயிட்டு. அதுக்குள்ள எடுத்துட்டாங்க. கேத வீட்டிலேயே சில பேர், "பிளேன்ல வர இவ்வளவு நேரமாடே?" என்று கேட்டார்கள். சித்தப்பா பதிலே சொல்லவில்லை. கேட்டவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே, தூரத்தில் இருப்பவர்களைக் குறை சொல்லும் முன், வாசலில் இருந்து வாசல் வரை கணக்குப் போடுங்கள். 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது. வெளிநாட்டு விமானங்கள் வந்து போகும் நேரத்தை ஒட்டி, தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கே நேராக அரசு பஸ் விட்டால், கார் வாடகை கொடுக்க முடியாத குடும்பங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

சிந்திப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி