பிள்ளைகள் களைச்சுப் போகட்டும், விடுங்க

மாசி, பங்குனியில் எங்க பக்கத்துக் கிராமங்களுக்கு நாட்டு நலப்பணித் திட்ட முகாம் வரும். ஏழு நாள், கல்லூரிப் பிள்ளைகள் ஊரிலேயே தங்குவாங்க. கொஞ்ச வருஷமா நகரத்துப் பெற்றோர்கிட்டேயிருந்து ஒரு குறை கேட்குது: "படிக்க அனுப்பினா மண்ணு அள்ள விடுறாங்க."

கல்லூரிகளும் பயந்துபோச்சு. காலையில் ஒரு மணி நேரம் தெரு கூட்டல், பேனரோடு ஒரு பேரணி, அப்புறம் பொழுது சாயும்வரை பொன்னாடை, சிறப்புரை. முகாம் முடிஞ்சது!

இது பிள்ளைகளுக்கும் நல்லதில்லை, ஊருக்கும் நல்லதில்லை.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வர்ற சோர்வு வேற, மம்பட்டி பிடிச்சு வர்ற களைப்பு வேற. முதல் வகையில் சோர்ந்த பிள்ளை ராத்திரி மூலைக்கொருத்தரா செல்போனோடு ஒதுங்கிடும். வரத்துக்கால் தூர்வாரின பிள்ளைகளைப் பாருங்க. கை கொப்புளத்தை ஒருத்தருக்கொருத்தர் காட்டிச் சிரிக்கும். குழம்புல உப்பு இல்லேன்னாலும் ரெண்டாவது தடவை சோறு கேட்கும்.

இதுல மாயமில்லை. வரிசையா நின்னு மண் சட்டி கைமாத்தும்போது ஒருத்தர் அசந்தா அத்தனை பேரும் நிக்கணும். அதனால ஒருத்தன் பாட்டெடுப்பான், ஒருத்தி கேலி பண்ணுவா. நடவு வயலில் எங்க பொம்பளைங்க குலவை போட்டுப் பாடினதும் இதுக்குத்தான். மூணாம் நாள் உடம்பு வலியில் குளிக்கிற தண்ணிக்கே சண்டை வரும். அந்த நாளைச் சேர்ந்து தாண்டினவங்கதான் நாலாம் நாள் ஒரு செட்டு ஆகுறாங்க. களைப்பை எடுத்துட்டா அந்தக் கும்மாளமும் வராது.

இந்தத் திட்டம் தொடங்கினது 1969-ல், காந்தி நூற்றாண்டு வருஷத்தில். உடலுழைப்பை ஒதுக்கின படிப்பை ஏத்துக்காத மனுஷன் அவர். அவர் நினைவில் தொடங்கினதில், மண்வெட்டி போட்டோவுக்கு மட்டும் வெளியே வருதுன்னா என்ன சொல்ல?

ஊருக்கு என்ன நஷ்டம்னு கேட்பீங்க. சீமைக்கருவேலத்தையே எடுத்துக்கோங்க. மேலாக வெட்டிப் போட்டோ எடுத்துட்டுப் போனா, அடித்தூர்ல இருந்து ஒண்ணுக்கு நாலா கிளைச்சு வரும். தூரைத் தோண்டி வேரோட எடுத்தால்தான் வேலை. பத்து இடத்தில் அரை வேலை செய்யறதைவிட, ஒரு கால்வாயில் 300 அடி சுத்தமா முடிச்சுட்டுப் போனா, ஐப்பசி மழைத் தண்ணி தடையில்லாம கண்மாய்க்குள்ள இறங்கும்.

பிள்ளைகளை வெயிலில் வாட்டச் சொல்லலை. விடியக்காலம் ஆரம்பிச்சுப் பத்து, பத்தரைக்குள் நிறுத்துங்க. கருவேல முள் செருப்பைத் துளைக்கும், கனமான ஷூவும் கையுறையும் கட்டாயம். நீராகாரமோ மோரோ நிறைய கொடுங்க. பாதுகாப்பு குடுங்க, வேலையைப் பிடுங்காதீங்க.

இந்தப் பிள்ளைகள்தான் நாளைக்கு அதிகாரியா உட்கார்ந்து, கூலிக்கு மண் சுமக்கிறவங்களுக்கு அளவு போடப் போறாங்க. ஒரு சட்டி ஈர மண் என்ன கனம்னு அவங்க தோளுக்குத் தெரிஞ்சிருக்கணும். நமக்கு ஏழு நாள், அவங்களுக்கு ஆயுசு முழுக்கன்னு அப்பத்தான் உறைக்கும்.

அதனால பிள்ளை கொப்புளத்தோட வீட்டுக்கு வந்தா, கல்லூரிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதீங்க. "எத்தனை அடி தோண்டினீங்க?"ன்னு கேளுங்க. பதில் சொல்றப்ப அந்த முகத்தைப் பாருங்க.