தலைமாட்டில் செல்போன்

பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள், செல்போனைக் குழந்தையின் தலைமாட்டிலேயே வைத்துத் தூங்குவாள். கேட்டால், "சும்மா பயப்படாதீங்கம்மா!"

நானும் விசாரித்தேன். போனிலிருந்து நம் உடம்பு வாங்கிக்கொள்ளும் அலைச் சக்திக்கு, 2012 செப்டம்பர் 1 முதல் நம் நாட்டில் உச்ச வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். *#07# அழுத்தினால் பல போன்களில் அந்த அளவு தெரியும். அவளுடையது 1.1. வரம்புக்குள்தான், நிம்மதி.

ஆனாலும் சிக்னல் குறைந்தால் போன் கூடுதல் சக்தியோடு வேலை செய்யுமாம். எங்க ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் பேசுவதும் பாச்சலூர் மலைப்பாதையில் பேசுவதும் ஒன்றல்ல. கொஞ்சம் எட்ட வைத்தாலே உடம்பில் படுவது வெகுவாகக் குறையும். காசா, பணமா?

இப்போது போன் அலமாரியில். ராத்திரி மாப்பிள்ளை கூப்பிட்டால் எழுந்து போகணுமே என்று முணுமுணுக்கிறாள்!