பூட்டாத மடல்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் கற்பிட்டிப் பக்கமிருந்து அரச ஊழியர் ஒருவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். களப்போரத்தில் இறால் பண்ணைக்காகக் கண்டற்காடு அழிக்கப்படுவது பற்றிய விபரங்கள். 'என் பெயர் வெளிவரக் கூடாது' என்று முடித்திருந்தார். பெயரை நான் காத்தேன். ஆனால் மடல் வந்ததோ அலுவலக முகவரியிலிருந்து. ஒரு மாதத்துக்குள் அவருக்கு இடமாற்றம் வந்தது. மடலை எவரேனும் படித்தார்களா என்பதை நானறியேன். படிக்க முடியாதபடி அது பூட்டப்பட்டிருக்கவில்லை என்பதை மட்டும் அறிவேன்.

அவர் பூட்ட விரும்பியிருந்தாலும் இயன்றிராது. என்னிடம் சாவி இருக்கவில்லை.

இத்தவறு எனக்கு மட்டும் உரியதன்று. 2012 டிசம்பரில் எட்வர்ட் ஸ்னோடன், ஊடகவியலாளர் கிளென் கிரீன்வால்டுக்குப் பெயர் குறிப்பிடாமல் எழுதி, மறையாக்கத்தைப் பயன்படுத்துமாறு கேட்டார். அவர் சோம்பியிருந்தார். ஸ்னோடன் பின்னர் லோரா பொய்ட்ராஸை நாடினார். நூற்றாண்டின் பெருஞ்செய்தியொன்று சாவியில்லாத வாசலில் காத்து நின்றது.

பில் சிம்மர்மன் 1991இல் பிஜிபி மென்பொருளை வெளியிட்டார். அதில் ஒவ்வொருவருக்கும் இரு சாவிகள். பொதுச்சாவியை எவருக்கும் கொடுக்கலாம். அதனால் பூட்டிய மடலை உங்கள் அந்தரங்கச் சாவி மட்டுமே திறக்கும். தண்டர்பேர்ட் மென்பொருளில் 2020 முதல் இவ்வசதி உள்ளடங்கியே வருகிறது. ஆயினும் யார், யாருக்கு, எப்போது எழுதினார் என்பதை இப்பூட்டு மறைக்காது. ஆகவே அலுவலக முகவரியைத் தவிர்ப்பதே முதற்பாடம். அந்தரங்கச் சாவியைத் தொலைத்தால் பழைய மடல்களை நீங்களும் திறக்க இயலாது, பிரதியொன்றைப் பத்திரப்படுத்துங்கள்.

'மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?' என்று கேட்பீர்கள். கட்டாரிலுள்ள மகனோடு வட்ஸ்அப்பில் பேசும் புத்தளத்துத் தாயின் சொற்கள் 2016 முதல் மறையாக்கம் செய்யப்பட்டே செல்கின்றன. அவரை எவரும் சந்தேகிப்பதில்லை. ஏனெனில் எல்லோரும் அவ்வாறே பேசுகிறார்கள். மின்னஞ்சலில் மட்டும் பூட்டுகிறவன் தனியனாகத் தெரிகிறான். தனியனாகத் தெரிவதே அவனுக்கு ஆபத்து.

எனவே நண்பர்களே, நலம் விசாரிக்கும் மடலையும், காணி உறுதியின் பிரதியையும், பரீட்சைப் பெறுபேற்றையும் பூட்டியே அனுப்பிப் பழகுங்கள். உங்கள் சாதாரண மடல்களின் கூட்டத்துக்குள்தான் அந்தக் கற்பிட்டி ஊழியரைப் போன்ற ஒருவர் அச்சமின்றி நடக்க முடியும். நான் சாவி செய்துகொண்டேன், காலந்தாழ்த்தி. நீங்கள் தாழ்த்த வேண்டாம்.