பண்டோராவில் பேச ஆளில்லை

இளங்கலை மாணவர்களுக்குத் தொல்காப்பியச் செய்யுளியல் நடத்திக்கொண்டிருந்தேன். செய்யுள் உறுப்புகள் 34 என்று வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாக 'முன்னம்' என்பதைச் சொல்கிறார். ஒரு கூற்றைக் கேட்ட அளவில், அது எவ்விடத்தில், யார், யாருக்குச் சொன்னது என்பது குறிப்பால் விளங்கவேண்டும் என்பதே அதன் சாரம். விளக்கி முடித்ததும் ஒரு மாணவர் எழுந்தார்.

"ஐயா, இது சினிமா வசனத்துக்கும் பொருந்துமா?"

"பொருந்தும்" என்றேன்.

"அப்படியானால் 'அவதார்' படத்தில் முன்னம் இருக்கிறதா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த உறுப்புக்குப் போய்விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 2025 டிசம்பரில் வந்த மூன்றாம் படத்தோடு மாணவர்களின் பேச்சில் 'அவதார்' மீண்டும் இடம்பிடித்திருந்தது. நான் பின்னோக்கிச் சென்று, 2009இல் வந்த முதற்படத்தையும் 2022இல் வந்த இரண்டாம் படத்தையும் மறுபடி பார்த்தேன். இக்கட்டுரை அம்மாணவருக்குச் சற்றுத் தாமதமாக நான் தரும் விடை. மூன்றாம் படத்தை இதில் சேர்க்கவில்லை.

கொடுக்கவேண்டிய பெருமையை முதலில் கொடுத்துவிடுவோம். முதற்படம் வெளியானபோது முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து அதைத் திரையரங்கில் பார்த்தவர்களுள் நானும் ஒருவன். இரவில் கால் பட்ட இடமெல்லாம் ஒளிரும் காடு, அந்தரத்தில் மிதக்கும் மலைகள், பறக்கும் விலங்கின் முதுகிலேறி அம்மலைகளினூடே பாயும் பாய்ச்சல் எல்லாம் இன்றும் கண்ணில் நிற்கின்றன. ஜேம்ஸ் கேமரூன் இக்கதையின் முதல் வரைவை 1990களிலேயே எழுதிவிட்டார். அதைப் படமாக்கும் தொழில்நுட்பம் அப்போது இல்லாமையால் பல்லாண்டுகள் காத்திருந்தார். நடிகரின் தலையில் சிறு கேமரா ஒன்றைப் பொருத்தி, அது அவருடைய முகத்தையே பார்த்திருக்கும்படி செய்து, இமை, உதடு, கன்னத் தசை ஆகியவற்றின் அசைவுகளைப் பதிவு செய்து, கணினியில் வரைந்த நீலநிற முகத்துக்கு அவற்றை மாற்றினார்கள். நியூசிலாந்தின் வெல்லிங்டனில், அன்று வேட்டா டிஜிட்டல் என்ற பெயரில் இயங்கிய நிறுவனத்தாரின் உழைப்பு அது. நெய்திரி என்னும் நாவி இனத்துப் பெண் தன் தந்தையின் உடல்மேல் விழுந்து கதறும்போது, நாம் பார்ப்பது வரைகலை என்பதே மறந்துபோகிறது. ஸோயி சால்டானா என்னும் நடிகையின் துயரம் அந்த நீலத்தோலைத் தாண்டி நம்மை வந்தடைகிறது.

இதற்கான அங்கீகாரமும் கிடைத்தது. 2010ஆம் ஆண்டு ஆஸ்கார் விழாவில் ஒன்பது பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு, கலை இயக்கம், ஒளிப்பதிவு, காட்சி விளைவுகள் ஆகிய மூன்றில் படம் வென்றது. திரைக்கதைப் பிரிவில் பரிந்துரைகூட இல்லை. இதே இயக்குநரின் 'டைட்டானிக்' 14 பரிந்துரைகளைப் பெற்று 11 விருதுகளை அள்ளியபோதும் திரைக்கதைக்குப் பரிந்துரை கிடைக்கவில்லை. விருதுகளைத் தரத்தின் துலாக்கோலாக நான் கொள்வதில்லை. ஆயினும், அவரைக் கொண்டாடிய திரைத்துறையினரே இரண்டு முறையும் ஒரே இடத்தில் கையை இழுத்துக்கொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

"காட்சிதானே ஐயா சினிமா? வசனம் கேட்க வானொலி நாடகம் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அடுக்குமொழி வசனத்தால் வளர்ந்த திரையுலகில் பழகிய காதுகள் நம்முடையவை. அந்தப் பழக்கத்தை எல்லாப் படங்களின் மீதும் சுமத்துவது தவறு. ஆனால் நான் கேட்பது நிறைய வசனமும் இல்லை, அலங்கார வசனமும் இல்லை.

ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' 1968இல் வந்தது. அதன் தொடக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிடங்களுக்கு ஒரு சொல்கூட இல்லை. பின்னர் வரும் மனிதர்கள் பேசுவதும் சர்வ சாதாரணமான பேச்சுதான். ஆனால் ஹால் என்னும் கணினியை விண்வெளி வீரர் பகுதி பகுதியாகச் செயலிழக்கச் செய்யும்போது, அது தன் வழக்கமான பணிவான குரலிலேயே, தனக்கு அச்சமாக இருப்பதையும் தன் மனம் நழுவிக்கொண்டிருப்பதையும் சொல்கிறது. ஒரு பள்ளிச் சிறுவனுக்கும் தெரிந்த சொற்கள் அவை. யார் அதை யாரிடம், எந்நிலையில் சொல்கிறார்கள் என்பதால்தான் நமக்கு உடல் சிலிர்க்கிறது. ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' 1982இல் வந்தது. சாகும் தறுவாயில் செயற்கை மனிதன் ஒருவன், தான் விண்வெளியில் கண்டவற்றைச் சில வரிகளில் நினைவுகூர்கிறான். அந்தக் காட்சிகளை இயக்குநர் நமக்குக் காட்டவே இல்லை. நடிகர் ரட்கர் ஹவர் தாமே சுருக்கித் திருத்திய அந்தச் சில வரிகள், காட்டப்படாத ஓர் உலகத்தை நம் மனத்தில் எழுப்பிவிடுகின்றன.

வேறு இயக்குநர்களைத் தேடிப் போகவேண்டியதும் இல்லை. 1984இல் வந்த 'டெர்மினேட்டர்' கேமரூனின் படம்தான். காவல் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் காவலரிடம், திரும்பி வருவதாக மட்டும் சொல்லிவிட்டு வெளியேறுகிறது அந்த இயந்திரம். ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள். சற்று நேரத்தில் கதவையும் மேசையையும் நொறுக்கிக்கொண்டு ஒரு கார் உள்ளே நுழைகிறது. சொல்லின் எடையை இந்த அளவுக்கு அறிந்த ஒருவர், கையில் 23 கோடி டாலருக்குமேல் இருந்த காலத்தில் அதை ஏன் தவறவிட்டார் என்பதே நம்மை உறுத்தும் வினா.

'அவதார்' கதை நிகழ்வது 2154ஆம் ஆண்டில், ஆல்ஃபா சென்டாரி விண்மீன் மண்டலத்துப் பண்டோரா என்னும் நிலவில். அங்கே புதிதாக வந்திறங்கிய படைவீரர்களைக் கர்னல் குவாரிச் எப்படி வரவேற்கிறார்? 1939இல் வந்த 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்திலிருந்து பிறந்து, அமெரிக்கர்கள் வாய்க்கு வாய் சொல்லித் தேய்ந்துபோன, 'இது கான்சஸ் இல்லை' என்னும் வாசகத்தைச் சொல்லி வரவேற்கிறார். பின்னர் பயங்கரத்தைப் பயங்கரத்தாலேயே எதிர்ப்போம் என்கிறார். 2003ஆம் ஆண்டு ஈராக் போரின்போது செய்தித்தாள்களில் நாம் படித்த சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஈராக்கை நினைவூட்டுவதே இயக்குநரின் நோக்கம் என்பது தெரிகிறது, நோக்கம் நல்லதும்கூட. ஆனால் அந்த இடத்தில் கர்னல் மறைந்துபோகிறார். இயக்குநர் நம்மிடம் நேரே பேசுகிறார்.

இன்னும் ஓர் இடம். சுரங்க நிறுவன அதிகாரி செல்ஃபிரிட்ஜ், ஒரு சாம்பல்நிறக் கல்லைக் கையிலெடுத்து, 'இதற்காகத்தான் வந்திருக்கிறோம், இதன் விலை கிலோ இரண்டு கோடி டாலர்' என்ற பொருளில் விளக்குகிறார். யாரிடம்? பண்டோராவில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு நடத்திவரும் கிரேஸ் என்னும் விஞ்ஞானியிடம்! அவருக்கு அது தெரியாதா? தொல்காப்பியர் 'கேட்போர்' என்பதையும் ஒரு செய்யுள் உறுப்பாக வைத்திருக்கிறார். இங்கே கேட்போர் கிரேஸ் இல்லை. டிக்கெட் வாங்கி அமர்ந்திருக்கும் நாம். அந்தக் கனிமத்தின் பெயரோ 'அனப்டேனியம்'. கிடைக்கவே கிடைக்காத பொருளைக் கேலியாகக் குறிக்கப் பொறியாளர்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல் அது. ஓர் இனத்தையே வேரறுக்கக் காரணமான பொருளுக்கு ஒரு பெயர் தேடவும் படத்துக்குப் பொறுமை இருக்கவில்லை.

மொழியின்மீது அக்கறை இல்லாதவர் செய்த வேலை என்று இதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. நாவி மக்களுக்கென்று ஒரு மொழியையே உருவாக்கப் பால் ஃபிராமர் என்னும் மொழியியலாளரை 2005இல் அமர்த்தியவர் கேமரூன். ஃபிராமர் ஒலியனியல், உருபனியல், தொடரியல் எல்லாம் வகுத்து ஏறத்தாழ ஆயிரம் சொற்களுடன் அதை உருவாக்கினார். அம்மொழியில் காலம் காட்டும் உருபு வினைப்பகுதியின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து நிற்கும். பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே இடைநிலை வைத்துப் பழகிய நமக்கு அது சுவையான செய்தி. ஆனால் இவ்வளவு பாடுபட்டுப் படைத்த மொழிக்குப் படத்தில் வாய்த்தது என்ன? நெய்திரியின் குலத்தார் திரண்டு நிற்கும் இடத்தில், அம்மண்ணின் உரிமையை முழங்கும் பேச்சை நிகழ்த்துபவன் மூன்று மாதம் முன்பு வந்து சேர்ந்த ஜேக் சல்லி என்னும் அமெரிக்கப் படைவீரன். அவன் ஆங்கிலத்தில் பேச, அந்த இனத்தின் இளந்தலைவன் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறான். இரண்டாம் படத்தில் இதுவும் போயிற்று. அம்மொழி தன் காதுக்கு ஆங்கிலம் போலவே ஆகிவிட்டது என்று ஜேக் ஒரு வரியில் சொல்லிவிட, அதன்பின் அவனுடைய பிள்ளைகள் வாய்க்கு வாய் 'ப்ரோ', 'ப்ரோ' என்று அழைத்துக்கொள்கிறார்கள். அதே படத்தில் நீருக்கடியில் நடிப்பைப் பதிவு செய்வதற்காக நடிகர்கள் மூச்சடக்கப் பயின்றார்கள். கேட் வின்ஸ்லெட் ஏழு நிமிடங்களுக்குமேல் மூச்சடக்கினார். அந்தத் தவத்தில் ஒரு பங்கேனும் பேச்சுக்குக் கிடைத்திருக்கலாம்.

நாவி மொழியில் காணுதலுக்கு இரண்டு வினைகள் உண்டு. 'ட்சேஆ' என்பது கண்ணால் பார்ப்பது. 'கமே' என்பது ஒருவரை உள்ளூரக் கண்டு உணர்வது. அவர்களுடைய முகமனில் வருவது இரண்டாவது வினை. முதற்படத்தின் இறுதியில், மூச்சுத் திணறிக் கிடக்கும் ஜேக்கின் மெலிந்த மனித உடலை நெய்திரி முதன்முறையாகக் காண்கிறாள். தன் பேருருவத்தின் மடியில் அவனை ஏந்திக்கொள்கிறாள். இருவரும் அந்த முகமனைச் சொல்லிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். யார், யாருக்கு, எவ்விடத்தில் என்னும் மூன்றும் அந்தச் சிறு தொடரில் கூடி நிற்கின்றன. காட்சியும் சொல்லும் ஒன்றையொன்று தாங்குகின்றன. இந்த ஓரிடத்தில் வாய்த்தது மற்ற இடங்களில் வாய்க்கவில்லை என்பதே என் குறை. படத்தின் பெரும்பகுதி 'ட்சேஆ'வோடு நின்றுவிடுகிறது.

இதை வெறும் அழகியல் குறையாகக் கருதி நான் எழுத உட்காரவில்லை. கதை பேசுவது ஒரு நிலத்தையும் அதன் மக்களையும் பற்றி. அப்படிப்பட்ட கதையில், கல்லைத் தோண்ட வந்த நிறுவனமும் மண்ணுக்குரிய மக்களின் தலைவனும் எதிரெதிரே அமர்ந்து பேசும் காட்சி ஒன்றுகூட இல்லை. செல்ஃபிரிட்ஜ் பேசுவதெல்லாம் கேலி; குவாரிச் பேசுவதெல்லாம் உறுமல். இவர்களை வெறுப்பது நமக்கு மிக எளிது. உண்மையில் நிலத்தைக் கேட்டு வருபவர்கள் இப்படிப் பேசுவதில்லை. வளர்ச்சி, வேலைவாய்ப்பு, பள்ளி, மருத்துவமனை, இழப்பீடு என்று இனிய சொற்களில், நாமே ஒப்புக்கொள்ளக்கூடிய தருக்கத்தோடுதான் பேசுகிறார்கள். செல்ஃபிரிட்ஜுக்கு அப்படிப்பட்ட வசனம் எழுதப்பட்டிருந்தால், அலுமினியமும் மின்சாரமும் இல்லாமல் ஒரு நாள் வாழ முடியாத நாம் அந்தக் குரலில் நம் குரலைக் கேட்டிருப்போம், இருக்கையில் நெளிந்திருப்போம்.

இந்தப் படத்தோடு நம் நாட்டுக்கு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலையில் வேதாந்தா நிறுவனத்துக்காகப் பாக்சைட் தோண்டும் திட்டத்தை அங்கு வாழும் டோங்ரியா கோண்டு மக்கள் எதிர்த்துவந்தார்கள். 2010 பிப்ரவரியில் 'சர்வைவல் இண்டர்நேஷனல்' என்னும் அமைப்பு, 'வெரைட்டி' இதழில் விளம்பரம் கொடுத்து, மெய்யான நாவி மக்கள் இவர்களே, உதவுங்கள் என்று கேமரூனிடம் கோரியது. பின்னர் நடந்ததுதான் எனக்கு முக்கியம். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளே இதில் தம் முடிவைச் சொல்லவேண்டும் என்றது. அவ்வாண்டே நீதித்துறை அலுவலர் முன்னிலையில் 12 ஊர்களில் சபைகள் கூடின. மக்கள் எழுந்து பேசினார்கள். மலை தங்கள் தெய்வம் என்றும் வாழ்வு என்றும் சொன்னார்கள். 12 சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. அவர்களுக்காகப் பேச விண்ணிலிருந்து ஒரு படைவீரன் வரவில்லை. அவர்களைக் காக்கக் காட்டு விலங்குகள் திரண்டு வரவும் இல்லை. அவர்களுடைய பேச்சே போதுமானதாக இருந்தது. அவர்கள் பேசும் குவி மொழி நம் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதையும் ஒரு தமிழாசிரியனாகச் சொல்லிவைக்கிறேன்.

பண்டோராவில் நாவி மக்களுக்கு அந்த வாய்ப்பு அளிக்கப்படவில்லை. இமை அசைவைக்கூட விடாமல் பதிவு செய்த படம், அந்த மக்கள் என்ன சொல்லுவார்கள் என்று கேட்கத் தவறிவிட்டது.

எனவே, கேள்வி கேட்ட மாணவருக்கு என் விடை இது: 'அவதார்' படத்தில் முன்னம் ஓரிடத்தில் இருக்கிறது; இருந்தாகவேண்டிய இன்னோர் இடத்தில் இல்லை. இல்லாத அந்தக் காட்சியை நீங்கள் எழுதிக்கொண்டு வாருங்கள். செல்ஃபிரிட்ஜ் நிலத்தைக் கேட்கிறார், நாவித் தலைவர் விடை சொல்கிறார். ஒரு பக்கம் போதும். வசனத்துக்கு முன்னால் பேசுபவரின் பெயரைப் போடக்கூடாது. படித்ததும் யார் யாரிடம் பேசுகிறார் என்று எனக்குத் தெரியவேண்டும். அதைவிட முக்கியமாக, செல்ஃபிரிட்ஜின் பேச்சைப் படிக்கும்போது, இவர் சொல்வதும் சரிதானே என்று ஒரு கணமாவது எனக்குத் தோன்றவேண்டும்.