100 வாட்ஸ் போர்டு... 24 வாட்ஸ் அடாப்டர்! சப்வூஃபர் கிட் வாங்கப் போறீங்களா?

படம் ஓ.டி.டி-க்கு வந்தாச்சு, பாட்டு மொபைலுக்கு வந்தாச்சு. ஆனா, நெஞ்சுல 'தும்'முனு இறங்குற அந்த பேஸ் மட்டும் இன்னும் தியேட்டர்லயேதான் இருக்கு. அதை வீட்டுக்குக் கொண்டுவர ரெண்டு வழி. ஒண்ணு, ரெடிமேட் சவுண்ட்பார். இன்னொண்ணு, போர்டு, ஸ்பீக்கர், பவர் சப்ளைனு வாங்கி நாமே பொருத்துற சப்வூஃபர் கிட்.

'கிட் வாங்கினா காசு மிச்சம்'னுதான் பலரும் இதுல இறங்குறாங்க. ஆனால், பிளைவுட், வயர், கார்பென்டர் கூலி எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்க, அந்த மிச்சம் சீக்கிரமே கரைஞ்சிடும். கிட்டின் உண்மையான லாபம் வேற. உள்ளே என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். கெட்டுப்போனால், கெட்டதை மட்டும் மாற்றலாம்.

டெல்லியில் பேசுறாங்க, மாரண்டஹள்ளியில் தேவைப்படுது!

தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளியில் நீங்க இருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. பாலக்கோடு தாலுகாவில் உள்ள பேரூராட்சி. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் சவுண்ட்பார் வீட்டு வாசலுக்கே வந்துடும். வாரன்ட்டி முடிஞ்ச மறுமாசம் அது ஊமையாகிட்டா? தர்மபுரிக்கோ ஓசூருக்கோ தூக்கிட்டு அலையணும். அங்கே போனாலும் 'போர்டே மாத்தணும், புதுசு வாங்கிடுங்க' என்ற பதில்தான் கிடைக்கும்னா, அது நேரா குப்பைதான்.

இதற்காகத்தான் 'ரிப்பேர் செய்யும் உரிமை' பற்றி இப்போ பேசப்படுகிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் இதற்கென ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்க முடியும் என்று மதிப்பெண் போடும் திட்டம் குறித்து, 2025 மே மாதம் ஒரு குழு அறிக்கையும் கொடுத்தது. ஆனால், அந்த வரிசையில் முதலில் நிற்பது ஸ்மார்ட்போனும் டேப்லெட்டும்தான். சவுண்ட்பார் இல்லை.

கிட்டில் இந்தப் பிரச்னை குறைவு. மாரண்டஹள்ளி ஸ்டேஷன் சேலம் - பெங்களூரு ரயில் பாதையில் இருக்கிறது. பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளில் போர்டு தனியா, ஸ்பீக்கர் தனியா கிடைக்கும். ஆனா, வாங்குற இடத்துலதான் ஒரு நம்பர் நம்மளை ஏமாத்தும்.

சட்டியில் இருந்தால்தானே...

அந்த நம்பர், வாட்ஸ். 'பி.எம்.பி.ஓ' என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் அப்படியே தாண்டிப் போயிடுங்க. அதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவுமுறையே கிடையாது. பார்க்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்' வாட்ஸ்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கு. கிட்களில் அதிகம் காணப்படும் 'டி.பி.ஏ 3116' சிப்பை எடுத்துக்குவோம். 21 வோல்ட் கொடுத்து, 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால், சேனலுக்கு 50 வாட்ஸ் வரை தரும். 'அண்ணா, நூறு வாட்ஸ் போர்டு ஒண்ணு குடுங்க'ன்னு வாங்கிட்டு வந்து, வீட்டில் சும்மா கிடக்கிற 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரில் மாட்டினால்? 12-ஐ 2-ஆல் பெருக்குங்க... 24 வாட்ஸ். உள்ளே போறதே 24 என்றால், 100 எப்படி வெளியே வரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

அதனால் முதலில் பவர் சப்ளைக்குக் காசு ஒதுக்குங்க. இன்னொரு கணக்கும் இருக்கு. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'டபுள் சத்தம்' என்று தோண கிட்டத்தட்ட 10 டெசிபல் கூடணும். அதற்குப் பத்து மடங்கு பவர் தேவை. 50-ஆ, 100-ஆ என்று மண்டையை உடைச்சுக்கிறதைவிட, பாக்ஸில் கவனம் வைக்கிறது புத்திசாலித்தனம்.

பாக்ஸ்தான் பாதி சப்வூஃபர்

ஸ்பீக்கர் கோன் முன்னே தள்ளும்போது, பின்பக்கம் காற்றை இழுக்கும். பாக்ஸ் இல்லாவிட்டால், பின்பக்க ஒலி முன்பக்க ஒலியை வெட்டிவிடும். தாழ்வான பேஸ்தான் முதலில் காணாமல் போகும். எவ்வளவு பெரிய பாக்ஸ் வேணும்னு கண்டுபிடிக்கும் கணக்கை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-ல் வெளியிட்டார். 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இதற்கு மூன்று எண்கள் முக்கியம்: எஃப்.எஸ், க்யூ.டி.எஸ், வி.ஏ.எஸ். ஸ்பீக்கர் வாங்கும்போதே இவற்றைக் கேளுங்க. இவை இல்லாமல் செய்கிற பாக்ஸ் குருட்டாம்போக்குதான்.

உயிரும் பக்கத்து வீடும்

டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கிட்டில், பிளக்கிலிருந்து வரும் பக்கம் 230 வோல்ட். ஆஃப் செய்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். ஃபியூஸ் இல்லாமல், எர்த் இல்லாமல் ஓட்டவே கூடாது. முதல் முயற்சி என்றால், பி.ஐ.எஸ் முத்திரையுள்ள அடாப்டரில் ஓடும் போர்டே போதும். 230 வோல்ட் பக்கம் கை வைக்க வேண்டிய வேலையே வராது.

அடுத்தது, சட்டம். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். உங்கள் வீட்டு எல்லையில் அதைவிட 5-க்கு மேல் கூடக் கூடாது. இங்கேதான் ஒரு விஷயம். அந்த டெசிபல், மனிதக் காதுக்கு ஏற்ப எடை போட்டு அளப்பது. 50 ஹெர்ட்ஸ் பேஸில் அது சுமார் 30 டெசிபலைக் கழித்துவிடும். அதாவது, 75 டெசிபல் பேஸ் மீட்டரில் 45 என்றுதான் காட்டும். அந்த பேஸுக்குச் சுவரும் பெரிய தடை இல்லை. 'மொபைல் ஆப்ல அளந்தேன், கம்மியாத்தான் காட்டுது'ன்னு வாதாடுறதைவிட, பக்கத்து வீட்டு அக்காகிட்ட 'உங்க வீட்டுல அதிருதா?'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அதைவிட நல்ல மீட்டர் இல்லை.

கேட்டுப் பழகுவோம்

கிட் வாங்கும்போது மூணு கேள்வி கேளுங்க. இந்த வாட்ஸ் எத்தனை வோல்ட்டில், எத்தனை ஓமில்? ஸ்பீக்கருக்கு அந்த மூன்று எண்கள் இருக்கா? எந்தப் பாகம் போனாலும் தனியா கிடைக்குமா? பதில் சொல்லும் கடையில் வாங்குங்க.

அப்படியே அடுத்த முறை ரெடிமேட் சவுண்ட்பார் விற்கிற பெரிய ஷோரூமுக்குப் போனாலும், வாட்ஸையும் பாகங்களையும் பற்றிய அந்த ரெண்டு கேள்வியைக் கேளுங்க. நாம கேட்காத வரைக்கும் ரிப்பேர் உரிமை அறிக்கையிலதான் இருக்கும் மக்களே!