நோயை மறைத்தல் நன்றோ?

நம் ஏனாத்தூரையும் காஞ்சியையும் சூழ்ந்த ஊர்களில், ஒரு வீட்டில் வைசூரி கண்டால் வாயிலில் வேப்பிலைக் கொத்தைச் செருகுதல் முன்னோர் வழக்கம். அதனைக் கண்ட அயலார் உள்ளே புகார். அம்மை வந்ததைப் பழியென எண்ணி மறைப்பதில்லை. அவ்வைசூரி இந்தியாவில் 1975 ஆம் ஆண்டில் ஒழிந்தது. அம்மை குத்துதலேயன்றி, நோயாளரை வீடுவீடாய்த் தேடிச் சென்றமையும் அவ்வெற்றிக்குக் காரணமாம். ஆதலின், கொடிய வைரஸ் நோய்களை வெல்லுதற்கு முதற்படி அவற்றை மறையாது தேடிக் காண்டலே என்பது நம் துணிபு.

வைரஸ் என்பது சாதாரண நுண்ணோக்கிக்கும் புலப்படாத நுண்பொருள். உயிரணுக்களுட் புகுந்தன்றி அது பெருகாது. விலங்கினின்று மனிதனிடம் தாவுதலும் உண்டு. 2018-ல் கோழிக்கோட்டுப் பகுதியிற் பலரை மாய்த்த நிபா வைரஸுக்குப் பழந்தின்னி வௌவாலே உறைவிடம். இத்தகைய பகை எவ்வூரில் எப்போது நுழையும் என்பது தேடுவார்க்கன்றிப் பிறர்க்குப் புலனாகாது.

இதற்குச் சான்று நம் தமிழகத்திலேயே உளது. எய்ட்ஸ் நோய் மேல்நாட்டார்க்கே உரியது, நம் ஒழுக்கமே நமக்குக் காப்பு என்று பலரும் இறுமாந்திருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனீதி சாலமன் அம்மையார், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவை அதனைத் தேடுமாறு ஏவினார். பாலியல் தொழிலிற் சிக்குண்ட பெண்டிரிடம் பெற்ற இரத்த மாதிரிகளை அம்மாணவி தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்து, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு இரயிலிற் கொண்டு சென்றார். 1986-ல் அங்கு நடந்த சோதனையில் ஆறு பேரிடம் அவ்வைரஸ் காணப்பட்டது. அமெரிக்கச் சோதனையும் அதனை உறுதிப்படுத்திற்று. தானமாய்ப் பெறும் இரத்தத்தைச் சோதிக்கும் முறை அதன் பின்னரே நம் நாட்டில் ஏற்பட்டது. ஒரு மாணவியின் ஆராய்ச்சியால் உயிர் பிழைத்தார் எத்துணையர் என எண்ணிப் பாருங்கள்!

நோயை வெளிப்படுத்தினால் மக்கள் அஞ்சிக் கலங்காரோ எனச் சிலர் வினவலாம். அச்சத்தை விளைப்பது அறிவன்று, அறியாமையே. 2020 மார்ச்சு 7-ஆம் நாள் தமிழ்நாட்டில் முதன்முதற் கொரோனா கண்டறியப்பட்டவர் நம் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவரே. பின்னர்க் கோயில்கள் அடைபட்டன. பட்டுத் தறிகளின் ஓசை அடங்கிற்று. ஏப்ரல் மாதத்திலோ, அந்நோயால் உயிர்நீத்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கஞ் செய்யவிடாது சென்னையில் ஒரு கூட்டத்தார் தடுத்தனர். படித்தார் மலிந்த நகரிலும் இஃது நிகழ்ந்ததே! நோயுற்றாரை இவ்வாறு இகழும் ஊரில் எவர் முன்வந்து தம் நோயை உரைப்பார்? மறைத்த நோய் பரவுமேயன்றித் தணியாது.

ஆதலின் மாணாக்கர்காள், உங்களுட் சிலரேனும் இவ்வாராய்ச்சியை மேற்கொள்ளல் வேண்டும். ஏனையோர், நோயாளரைத் தூற்றாதிருத்தலையேனும் விரதமாகக் கொள்க. வேப்பிலை அயலாரை எச்சரித்ததேயன்றி வீட்டாரை இழிவு செய்ததில்லை. அப்பண்பு நம்மிடம் நிலைக்குமாயின், ஆராய்ச்சியாளர் பணியும் எளிதாகும்.