அடுப்படிக் கணக்கு: வாரத்தைத் தள்ளும் கீரை



சம்பளம் போட்ட மறுநாள் நம் வீட்டு அடுப்பு ஒரு மாதிரி மணக்கும். சம்பளத்துக்கு ஐந்து நாள் முன்னால் வேறு மாதிரி மணக்கும். கோழிக் கறி இருந்த இடத்தில் நெத்திலியும் கங்கோங் கீரையும் வந்து உட்கார்ந்து கொள்ளும். இதை உங்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கணக்கு நமக்கு மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். கடலுக்கு அப்பால், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் கென்யா என்றொரு நாடு இருக்கிறது. அங்கே எளிய வீடுகளில் அன்றாடம் வேகும் ஒரு கீரைக்குப் பெயர் ‘சுகுமா விக்கி’. அந்த நாட்டுச் சுவாஹிலி மொழியில் ‘வாரத்தைத் தள்ளு’ என்று பொருள். கையில் காசு இல்லாத நாளில் வாரத்தை எப்படியாவது தள்ளிவிடும் கீரை என்பதால் அந்தப் பெயர். பெயரிலேயே ஒரு தாயின் பெருமூச்சு இருக்கிறதல்லவா?

இந்த இதழில் அந்தத் தாயின் அடுப்படியைத்தான் எட்டிப் பார்க்கப் போகிறோம்.

கென்யாவின் மேற்கே கெரிச்சோ என்ற மலைப் பகுதி. கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலைதான். கேமரன் மலையைப் பார்த்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. உலகச் சந்தைக்குக் கறுப்புத் தேயிலையை மிக அதிகமாக அனுப்பும் நாடு கென்யா. கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிப்பவர்களுக்கு நிறுவைக் கணக்கில்தான் கூலி. எத்தனை கிலோவோ அத்தனைக்குக் காசு. அந்தத் தேயிலை மொம்பாசா துறைமுக நகரில் ஏலம் போகிறது. அங்கே பேசும் விலை அமெரிக்க டாலரில். பறித்த கைக்கு வருவதோ கென்யா ஷில்லிங். 2024 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 160 ஷில்லிங் வரை கொடுக்க வேண்டியிருந்தது. எண்ணெய், உரம், கோதுமை எல்லாம் வெளிநாட்டிலிருந்து டாலருக்கு வாங்குபவை. ஷில்லிங் இறங்கினால் கடையில் விலை ஏறும். கொழுந்துக் கூலி அந்த வேகத்தில் ஏறுமா? ஏறாது.

இப்போது அந்த வீட்டுக் களிப் பானைக்கு வருவோம். நமக்குச் சோறு எப்படியோ, அவர்களுக்கு ‘உகாலி’ அப்படி. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கெட்டியாகக் கிண்டிய களிதான் அது. மாவுக்குப் பெயர் ‘உங்கா’. இரண்டு கிலோ உங்கா பாக்கெட்டின் விலைதான் அந்த நாட்டு அரசியலையே ஆட்டி வைக்கும்.

2017-இல் வறட்சியினால் விலை ஏறியபோது, மே மாதத்தில் அரசாங்கம் மானியம் கொடுத்து இரண்டு கிலோவை 90 ஷில்லிங்குக்கு விற்க வைத்தது. 2022-இல் நிலைமை இன்னும் மோசம். வடக்கிலும் கிழக்கிலும் தொடர்ந்து பருவ மழை பொய்த்தது; உக்ரேன் போரினால் உரமும் கோதுமையும் விலை ஏறின. அதே பாக்கெட் 200 ஷில்லிங்கைத் தாண்டியது. அன்றைய மதிப்பில் நம் காசுக்கு ஏழு வெள்ளிக்கும் மேல். ஜூலை மாதம் அரசாங்கம் அதை 100 ஷில்லிங் ஆக்கியது. ஆகஸ்டில் பொதுத் தேர்தல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்! செப்டம்பரில் பதவியேற்ற அதிபர் வில்லியம் ரூட்டோ, இந்த மாதிரி மானியம் நாட்டுக்குத் தாங்காது என்றார். பதிலாக, உழவர்களுக்கு 50 கிலோ உர மூட்டையை 3,500 ஷில்லிங்குக்குக் கொடுக்கச் செய்தார். விளைச்சல் பெருகினால் விலை தானே இறங்கும் என்பது அவர் கணக்கு. கணக்கில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதைத்தது விளைய மாதங்கள் ஆகும். பிள்ளைக்கு இன்று இரவே பசிக்கும். அந்த இடைவெளியைத்தான் சுகுமா விக்கி தள்ளிக் கொடுக்கிறது.

இனி, இன்றைக்குச் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

விலைவாசி என்றால் கடையில் எழுதி வைத்திருக்கும் விலை என்றுதான் நாம் நினைக்கிறோம். அது பாதிதான். எவ்வளவு சின்ன அளவில் வாங்குகிறோம் என்பது மறு பாதி. கென்யாவில் ‘கடோகோ’ என்று ஒரு சொல் உண்டு. ‘சின்னது’ என்று பொருள். அன்றாடக் கூலிக்காரர் வீட்டுக்கு எல்லாம் கடோகோதான். சமையல் எண்ணெய் ஒரு சின்ன அளவு, சீனி ஒரு பொட்டலம், தேயிலை ஒரு பொட்டலம், மண்ணெண்ணெய் ஒரு சின்ன போத்தல். அன்றைய கூலியில் அன்றைய சாமான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் 300 ஷில்லிங் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அதை இருபது பங்காக்கி, பங்கு 20 ஷில்லிங் என்று விற்கிறார். இருபது நாள் வாங்கியவர் கொடுத்தது 400 ஷில்லிங். ஒரே நாளில் 300 எடுத்து வைக்க முடிந்தவருக்கு 100 மிச்சம். முடியாதவருக்கு 100 நட்டம். ஏழையின் எண்ணெய்தான் விலை கூடிய எண்ணெய்!

தண்ணீரும் இப்படித்தான். தலைநகர் நைரோபியில் கிபேரா என்ற பெரிய குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கே பலருக்கு வீட்டில் குழாய் இல்லை. 20 லிட்டர் மஞ்சள் கேனில் காசு கொடுத்து வாங்கிச் சுமக்கிறார்கள். லிட்டர் கணக்குப் பார்த்தால், குழாய் வைத்த பெரிய வீட்டுக்காரரைவிட இவர்கள்தான் அதிகம் கொடுக்கிறார்கள்.

மண்ணெண்ணெய்க் கதையையும் கேளுங்கள். சில வியாபாரிகள் டீசலில் மண்ணெண்ணெயைக் கலந்து விற்று வந்தார்கள். அதைத் தடுக்க 2018-இல் அரசாங்கம் மண்ணெண்ணெய்க்கு லிட்டருக்கு 18 ஷில்லிங் கூடுதல் வரி போட்டது. கலப்படக்காரர்களைக் குறி வைத்த வரிதான். ஆனால் லிட்டருக்கு லிட்டர் அதைக் கட்டியவர்களில் விளக்குக்கும் அடுப்புக்கும் வேறு வழியில்லாத வீடுகளும் இருந்தன.

சனவரி மாதத்துக்கு அங்கே ஒரு வேடிக்கைப் பெயர் வைத்திருக்கிறார்கள். சுவாஹிலியில் ‘ஞா’ என்றால் பசி. சனவரியை ‘ஞானுவரி’ என்பார்கள். கிறிஸ்துமஸ் செலவு முடிந்த கையோடு பள்ளிக்கூடம் திறந்துவிடும். 2003 முதல் தொடக்கப் பள்ளிக்குச் சம்பளம் இல்லை என்றாலும், சீருடை, காலணி, புத்தகம் என்று செலவு வரிசையில் நிற்கும். தீபாவளிக் கடன் தீருமுன் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு விழித்த நமக்கு இந்தச் சிரிப்பின் அர்த்தம் நன்றாகவே புரியும்.

சிரித்தே சமாளித்த மக்கள் ஒரு கட்டத்தில் பொங்கியும் எழுந்தார்கள். 2023 மே மாதம் கெரிச்சோவில், பல பேர் வேலையை ஒரே மூச்சில் செய்யும் கொழுந்து பறிக்கும் இயந்திரங்களுக்குத் தீ வைத்தார்கள். விலை ஏறினாலும் கூலி இருந்தால் ஒருவாறு பிழைக்கலாம்; கூலியே போனால்? 2024-இல் ரொட்டிக்கு 16 விழுக்காடு வரி உட்படப் பல புதிய வரிகளுக்கு அரசாங்கம் மசோதா கொண்டுவந்தது. இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். ரொட்டி வரியை முதலில் கைவிட்டார்கள், போராட்டம் அடங்கவில்லை. ஜூன் 25-ஆம் தேதி கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மறுநாள் அதிபர் மசோதா முழுவதையும் திரும்பப் பெற்றார். வரி நின்றது, போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

சரி, அன்றாடம் அந்தப் பெண்கள் எப்படித்தான் சமாளிக்கிறார்கள்? இரண்டு வழிகள்.

ஒன்று கடன். 2007-இல் அங்கே ‘எம்-பெசா’ வந்தது. செல்பேசியிலேயே பணம் அனுப்பலாம், வாங்கலாம். நைரோபியில் வேலை செய்யும் தாய், கிராமத்தில் பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு ஒரு நொடியில் காசு அனுப்பிவிடுகிறாள். பெரிய நன்மைதான். ஆனால் இப்போது அதே செல்பேசியில் கடனும் கிடைக்கிறது. பற்றுப் புத்தகத்தில் எழுதும் கடைக்காரராவது நம் முகத்தைப் பார்ப்பார். செல்பேசி யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கட்டணத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகும்.

இன்னொன்று ‘சாமா’. பத்துப் பதினைந்து பெண்கள் கூடி, வாரா வாரமோ மாதா மாதமோ ஆளுக்கு ஒரு தொகை போடுவார்கள். முறை வைத்து ஒருவருக்குக் கொடுப்பார்கள். அதில் மெத்தை வாங்குவார்கள், பள்ளிச் செலவைக் கட்டுவார்கள். சில சாமாக்களில் காசு சேர்த்துச் சாமான்களை மொத்தமாக வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மேலே நாம் போட்ட கணக்கில் ஏழைக்கு நட்டமான அந்த 100 ஷில்லிங் இப்போது வீட்டிலேயே தங்குகிறது, பார்த்தீர்களா?

தாய்மார்களே, விலையை நாம் இறக்க முடியாது. சின்னப் பொட்டலத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசையாவது நிறுத்தலாமே. அடுத்த முறை கடையில் ஒரு சின்ன பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போது, கிலோவுக்கு என்ன விலை என்று ஒரு நிமிடம் நின்று மனக்கணக்குப் போடுங்கள். தெரிந்தவர், நம்பத் தகுந்தவர் என்று பக்கத்து வீட்டார் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு மூட்டை அரிசியும் ஒரு டின் எண்ணெயும் வாங்கிப் பங்கு வைக்கலாம். கணக்கை நோட்டில் எழுதி நால்வரும் பார்த்து வையுங்கள். காசும் நிலைக்கும், சிநேகமும் நிலைக்கும்.

வாரத்தைத் தள்ளக் கீரை போதும். வருஷத்தைத் தள்ள நாலு பேர் கை வேண்டும்.